ஸ்டெல்லா வீட்டுக் கொல்லையில் சாண்டியாகோ

சிவகாமி மின்வாரியத்தில் முப்பது வருடம் பொறியாளராக இருந்தவர். டிரான்ஸ்பார்மர் வெடித்து ஏரியாவே இருட்டில் கிடந்தாலும், ராகுகாலம் கழிந்த பிறகுதான் ஏணியைச் சாத்த விடுவார் என்று உறையூரில் ஒரு பேச்சு உண்டு. அதெல்லாம் கட்டுக்கதை என்று அவர் மகள் நறுமுகை எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறாள். மனசுக்குள் அவளுக்கே அவ்வளவு நிச்சயமில்லை.

அப்படிப்பட்டவரிடம் போய், நாளைக்கு என் விமானம் ராகுகாலத்தில்தான் கிளம்புகிறது என்று சொன்னால் சும்மா விடுவாரா?

"அதுக்கென்ன, இன்னிக்கு சாயங்காலமே கிளம்பிடலாம்," என்றார்.

"டிக்கெட் நாளைக்கும்மா."

"நீ நாளைக்கே போ. பெட்டி இன்னிக்குக் கிளம்பட்டும்."

பரஸ்தானம் என்று இதற்குப் பெயர். கிளம்ப வேண்டிய வேளை சரியில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு நல்ல நேரம் பார்த்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அக்கம்பக்கத்தில் வேண்டிய வீடொன்றில் வைத்துவிட வேண்டும். பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. அப்புறம் ராகு வந்தால் என்ன, எமகண்டம் வந்தால் என்ன, நாம்தான் ஏற்கெனவே கிளம்பிவிட்டோமே! சிவகாமிக்கு வேண்டிய வீடு, நேர் எதிர்வீடு. ஸ்டெல்லா ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர்தான். ஆனாலும் அவர் வீட்டு ஹாலில், திருஇருதயப் படத்துக்குக் கீழே, சிவகாமியின் பெட்டிகளுக்கு நிரந்தரமாக ஓர் இடம் உண்டு.

நறுமுகை மறுத்துப் பேசவில்லை. அம்மா சந்தோஷமாக இருந்தால் போதும் என்றிருந்தது அவளுக்கு. ஏனென்றால் அவள் அம்மாவிடம் ஒரு பெரிய பொய் சொல்லியிருந்தாள்.

தூரத்தையே மடித்துச் சுருக்கிப் பறக்கிற மடிப்பு விமானம் வந்து ஐந்தாறு வருடம் ஆகிறது. திருச்சியிலிருந்து சிலி நாட்டுச் சாண்டியாகோ பதினாறாயிரம் கிலோமீட்டர். முன்பெல்லாம் இரண்டு ஊரில் இறங்கி ஏறி, ஒன்றரை நாள் இடுப்பொடிய உட்கார்ந்து போக வேண்டும். இப்போது நாற்பது நிமிடம். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து சமயபுரம் போகிற நேரம். வெளிநாடு போகிறவர்களை வழியனுப்ப வேன் பிடித்து விமான நிலையத்துக்குப் போகிற வழக்கமே ஒழிந்துவிட்டது. சமயபுரம் போகிறவளுக்காக யாராவது அழுவார்களா? "நாப்பது நிமிஷம்தானேம்மா, வாரா வாரம் வந்துருவேன்," என்று நறுமுகை சொன்னாள். அதை நம்பித்தான் சிவகாமி சரி என்றார். கணவர் போன பிறகு அவருக்கு இருப்பது இந்த ஒரு மகள்.

உண்மை வேறு. நறுமுகை போவது மலை உச்சியில் இருக்கும் ஓர் ஆய்வுக்கூடத்துக்கு. பூமியின் மிகமிக நுண்ணிய அசைவுகளை அளக்கிற வேலை. அவள் பத்து வருடமாக ஏங்கிக் கிடந்த வேலை. அங்கே இருக்கும் கருவிக்கும் மடிப்பு விமானத்துக்கும் ஆகாது. மடிப்பில் பயணம் செய்த உடம்பில் ஒரு மெல்லிய நடுக்கம் மிச்சமிருக்கும். நமக்குத் தெரியாது, கருவிக்குத் தெரியும். அது அடங்க மாதக்கணக்காகும். அதனால் போய்ச் சேர்ந்த பிறகு இரண்டு வருடத்துக்கு மடிப்பு விமானத்தில் கால் வைக்கக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். பழைய விமானத்தில் வரலாமே என்றால், அதையெல்லாம் எப்போதோ மூட்டை கட்டியாகிவிட்டது. நாற்பது நிமிடத்தில் போகலாம் என்றானபின் ஒன்றரை நாள் உட்கார யாருக்குப் பைத்தியம்? மிச்சமிருப்பது சரக்குக் கப்பல். ஊருக்கெல்லாம் பக்கத்தில் வந்துவிட்ட சாண்டியாகோ, நறுமுகைக்கு மட்டும் அவள் பாட்டனுக்குப் பாட்டன் காலத்துத் தூரத்துக்குப் போய்விட்டது.

அம்மா வந்து பார்க்கலாம்தான். ஆனால் சிவகாமி விமானத்தில் ஏறியதில்லை, ஏறப்போவதும் இல்லை. கல்யாண மண்டபத்தில் லிஃப்டைக் காட்டினால் மாடிப்படி எங்கே என்று கேட்கிறவர். ஆக, இரண்டு வருடம் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. இதைச் சொன்னால் அம்மா போகவிட மாட்டார், சொல்லாமல் போனால் தன் மனசு விடாது என்று நறுமுகை நாளைத் தள்ளித் தள்ளிக் கடைசி நாளுக்கு வந்து நின்றாள்.

சாயங்காலம் நல்ல நேரம் வந்தது. சிவகாமி கேசரி கிண்டி, சாமி விளக்கேற்றி, பெட்டிக்குக் குங்குமம் இட்டு, அதைத் தானே உருட்டிக்கொண்டு தெருவைக் கடந்தார். பெட்டியின் கைப்பிடியில் விமானக் கம்பெனி வீட்டுக்கே அனுப்பிவைத்த அடையாளப் பட்டை பச்சையாக மினுக்கிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவின் கணவர் அல்போன்ஸ் லுங்கியும் தோளில் துண்டுமாக இந்தப் பக்கம் வந்து, நறுமுகை வீட்டுச் சோபாவில் கேசரித் தட்டோடு உட்கார்ந்திருந்தார். அக்னி நட்சத்திர வெக்கையில் மின்விசிறி அனல் காற்றைக் கிண்டிக்கொண்டிருந்தது.

எதிர்வீட்டிலிருந்து ஸ்டெல்லாவின் அலறல் கேட்டது.

"ஏ சிவகாமி! நம்ம கொல்லைல யாரோ பெட்டி பெட்டியா சுத்த விட்டுருக்காங்கடீ!"

நறுமுகை வாசலுக்கு ஓடினாள். எதிர்வீட்டின் வாசல், ஹால், கொல்லைக் கதவு மூன்றும் நேர்கோட்டில் இருந்ததால் எல்லாம் தெரிந்தது. துவைக்கிற கல் இருந்த இடத்தில் விமான நிலையத்துக் கறுப்பு பெல்ட் ஒன்று ஊர்ந்துகொண்டிருந்தது. அதன்மேல் பெட்டிகள் வரிசையாக வலம் வந்தன. கோட்டும் மப்ளரும் போட்ட வெள்ளைக்காரர்கள் அவற்றுக்காகக் காத்துக்கொண்டு, நைட்டியில் நின்ற ஸ்டெல்லாவை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அங்கே காலை எட்டரை மணி. மேலே பெரிய எழுத்தில் சாண்டியாகோ என்று போட்டிருந்தது.

"அய்யய்யோ, என்ன குளிரு!" என்று கூவினார் ஸ்டெல்லா. பயந்த குரலாக இல்லை.

அல்போன்ஸ் தட்டை வைத்துவிட்டுத் தன் வீட்டை நோக்கி நடந்தார். நடந்தார், நடந்தார், நடந்துகொண்டே இருந்தார். இரண்டு ஆட்டோ எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டிய தெரு அது. ஆனால் பார்க்கிறவர்களுக்கு அவர் ஒரு சாண் கூட நகரவில்லை. வியர்த்து விறுவிறுத்து, ஒரு செருப்பு பிய்ந்து, அவர் திரும்பி வந்து படியில் உட்கார அரைமணி நேரம் ஆனது.

"ரெண்டு கிலோமீட்டர் போயிருப்பேன் பாப்பா," என்று மூச்சு வாங்கினார். "வீடு அப்படியேதான் இருக்கு."

இதற்குள் எதிர்வரிசைக்காரர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் ஸ்டெல்லா வீட்டுக்குள் புகுந்து, கொல்லைக் கதவருகே போர்வை போர்த்திக்கொண்டு குளிரை அனுபவித்தார்கள். வெயிலில் வெந்துகொண்டிருந்த இந்த வரிசைக்காரர்கள் மொட்டைமாடியில் ஏறி நின்று வயிறெரிந்தார்கள். ஸ்டெல்லா ஒரு சிலிப் பாட்டியம்மாவுக்கு ஒரு தட்டு முறுக்கு நீட்டி, பதிலுக்கு ஏதோ ஒரு பலகாரம் வாங்கிக் கடித்தார்.

"அப்படியே நம்ம சோமாசிதான் சிவகாமி! உள்ள கறி வெச்சிருக்கான்!"

"சிவ சிவா," என்றார் சிவகாமி. ஆனால் அவரும் எட்டிப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

விமானக் கம்பெனியிலிருந்து ஜமால் என்ற பொறியாளர் ஸ்கூட்டரில் பறந்து வந்தார். நறுமுகை வீட்டுப் படியில் நின்று எதிர்வீட்டைப் பார்த்தவர், தலையில் கை வைத்துக்கொண்டார்.

"பெட்டியை எதுக்கு மேடம் அங்க கொண்டுபோய் வெச்சீங்க?"

"பரஸ்தானம்," என்று தெருவுக்கு அப்பாலிருந்து குரல் கொடுத்தார் சிவகாமி. பேச்சும் பார்வையும் தடையில்லாமல் போய்வந்தன. எடை உள்ளது மட்டும்தான் போக முடியவில்லை.

ஜமால் அல்போன்ஸின் தோளிலிருந்த துண்டை உருவினார். "இந்த முனை திருச்சி, அந்த முனை சாண்டியாகோன்னு வைங்க. நாங்க நடுவுல இருக்கிற துணியை மடிச்சுப் பிடிச்சு ரெண்டு முனையையும் பக்கத்துல கொண்டுவரோம். மடிப்பு அவுராம இருக்க ஊக்கு குத்தணும்ல? பெட்டில இருக்கிற பட்டைதான் ஊக்கு. வீட்டை விட்டு வெளிய வந்து பெட்டி முதல்ல எங்க இறங்கி உக்காருதோ, அதுதான் விமான நிலையம்னு பட்டை எடுத்துக்கும். நேரா ஏர்போர்ட் கொண்டுவருவாங்கன்னுதான் அதோட புரோகிராம்ல அப்படி எழுதியிருக்கு. நடுவுல எதிர்வீட்டுல இறக்கி வைப்பாங்கன்னு எழுதினவனுக்குத் தெரியல."

"எழுதினவன் எந்த ஊரு?" என்றார் ஸ்டெல்லா.

"டென்மார்க்."

"பாவம், அவனுக்கு எப்படித் தெரியும்," என்று ஸ்டெல்லா இரக்கப்பட்டார்.

"சரி தம்பி," என்றார் சிவகாமி. மின்வாரியத்தில் ஒப்பந்தக்காரர்களைக் கேள்வி கேட்ட குரல் வந்துவிட்டது. "மடிச்ச துணி எங்கயாவது கிடக்கணும்ல? அந்தப் பதினாறாயிரம் கிலோமீட்டர் இப்ப எங்க இருக்கு?"

"உங்களுக்கும் உங்க வீட்டுக்கும் நடுவுல. தெருவுல."

"வழக்கமா எங்க கொட்டுவீங்க?"

ஜமால் தயங்கினார். "ஒரு உப்புப் பாலைவனம் இருக்கு. ஆளில்லாத இடம்."

"ஆளில்லைன்னு போய்ப் பாத்தீங்களா, இங்க இருந்தே சொல்றீங்களா?"

"ரெண்டு ஊர்க்காரங்க கேஸ் போட்டிருக்காங்கம்மா," என்று ஜமால் குரலைத் தாழ்த்தினார். "கிணத்துக்குப் போன பொம்பளைங்க திரும்ப நாளாகுதாம். நான் சம்பளத்துக்கு வேலை பாக்கிறவன், என்கிட்ட கேட்டா என்ன சொல்றது."

சிவகாமி கொல்லைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. நறுமுகைக்கு அது தெரியும். அம்மாவின் முகம் அப்படி மலர்ந்தால் ஏதோ திட்டம் தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

"முகை! இதைப் பிரிக்கவே வேணாம்டி! நான் ஸ்டெல்லா வீட்டுலயே இருந்துக்கறேன். நீ நாளைக்கு பிளேன்ல போய் இறங்கு. அப்புறம் வாரா வாரம் பிளேன் எதுக்கு? கொல்லைக் கதவைத் திறந்தா என் பொண்ணு! வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் தேய்ச்சு விடுறேன். சனிக்கிழமை இட்லி." கண்ணெல்லாம் பளபளக்க, குழந்தை மாதிரிக் கை தட்டினார். "அந்த ராகுதான் நமக்கு வழி விட்டிருக்கான்!"

அந்தச் சந்தோஷத்தை நறுமுகையால் தாங்க முடியவில்லை. ஒரு தெரு முழுக்கக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் மறந்து கத்திவிட்டாள்.

"அம்மா, நான் வாரா வாரம் வர மாட்டேன்! பொய் சொன்னேன். ரெண்டு வருஷத்துக்கு என்னால வரவே முடியாது!"

பிறகு நடுக்கத்தையும் கருவியையும் கையெழுத்தையும் கப்பலையும் பற்றி எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அழுதாள். மொட்டைமாடியில் யாரோ "அடப்பாவமே" என்றார்கள். சிவகாமி ஸ்டெல்லா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"எப்ப சொல்றதா இருந்தே?"

"தெரியல."

"போய் இறங்கின பிறகா?"

அதுதான் நறுமுகையின் திட்டம் என்று இருவருக்கும் தெரிந்தது. சிவகாமிக்குக் கோபம் வந்தது, உடனே போய்விட்டது, அழுகை வந்தது, அதையும் முந்தானையால் துடைத்துக்கொண்டார். கடைசியில் ஜமாலைப் பார்த்துக் கேட்டார்.

"தம்பி, அவ அங்க போய்ட்டா மடிப்பு விமானத்துலதானே ஏறக் கூடாது? இந்தக் கொல்லைக் கதவு வரைக்கும் வந்து நிக்கலாம்ல? நான் இங்க இருந்து தாண்டிப் போய்ப் பாக்கலாம்ல?"

"தாராளமா."

"அப்ப பிரிக்காம விட்டா எனக்கு என் பொண்ணு இருக்கா."

"இருக்காங்க," என்றார் ஜமால். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

சிவகாமி தன் வீட்டுப் பக்கம் பார்த்தார். அங்கே ஒற்றைச் செருப்போடு அல்போன்ஸ் உட்கார்ந்திருந்தார். அவருடைய ரத்த அழுத்த மாத்திரை ஸ்டெல்லா வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. அவருக்குப் பின்னால் கூட்டம் சேர்ந்திருந்தது. வேலை முடிந்து வீடு திரும்பிய எதிர்வரிசைக்காரர்கள். சாப்பாட்டுப் பையும் கையுமாக ஒரு நர்ஸ். பால் பாக்கெட்டும் பூவும் வாங்கி வந்த ஒரு புதுக் கணவர், எதிரே ஜன்னலில் நின்ற மனைவியைப் பார்த்துக்கொண்டு. எல்லோருக்கும் அவரவர் வீடு கண்ணுக்கு நேரே இருந்தது. யாரும் சிவகாமியைத் திட்டவில்லை. நின்றுகொண்டு மட்டும் இருந்தார்கள்.

ஸ்டெல்லா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ எவ்வளவு நாள் வேணா இரு சிவகாமி. எனக்கு ஒண்ணுமில்ல," என்றார். ஆனால் கண்ணை அல்போன்ஸிடமிருந்து எடுக்கவில்லை.

"எப்படித் தம்பி பிரிக்கிறது?" என்று கேட்டார் சிவகாமி.

"அம்மா, வேணாம்!" என்றாள் நறுமுகை.

"நீ சும்மா இரு. சொல்லுங்க தம்பி."

"பெட்டி சாண்டியாகோ விமான நிலையத்து வெளிவாசலைத் தாண்டணும். தனியா தள்ளிவிட்டா தொலைஞ்ச பெட்டின்னு நினைச்சுக்கும், மடிப்பு விடாது. இங்க இருந்து ஒரு ஆள் கையில பிடிச்சுக் கொண்டுபோகணும். தாண்டினதும் மடிப்பு அவுந்துரும். கொண்டுபோன ஆள்..." ஜமால் கொல்லைப் பக்கம் கை காட்டினார். "அங்கயே நின்னுருவாங்க."

"நான் போறேன்!" என்று ஸ்டெல்லா துள்ளி எழுந்தார். "சாண்டியாகோன்னா இயேசுவோட சீடர் நம்ம யாகப்பர் பேரு வெச்ச ஊருதானே!"

"நீ உன் புருஷனுக்கு மாத்திரை குடு," என்றார் சிவகாமி. "பெட்டி என் பொண்ணோடது. வெச்சது நான்."

அவர் எழுந்து, புடவைக் கொசுவத்தைச் சரிசெய்து, பெட்டியைப் பிடித்தார். ஒரு தடவை திரும்பி மகளைப் பார்த்தார். பிறகு ஸ்டெல்லா வீட்டு ஹால், அடுப்படி, கொல்லைக் கதவு எல்லாம் தாண்டி, ஹவாய் செருப்போடு தென்னமெரிக்காவுக்குள் நடந்தார். அங்கே ஒரு சீருடை அதிகாரி வழிமறித்து எந்த விமானம் என்று ஆங்கிலத்தில் கேட்டது இந்தப் பக்கம் காதில் விழுந்தது.

"விமானமெல்லாம் இல்லீங்க. ஸ்டெல்லா வீட்டுக் கொல்லை வழியா," என்றார் சிவகாமி.

அதுதான் கடைசியாகக் கேட்டது. பெட்டி வெளிவாசலைத் தாண்டியிருக்க வேண்டும். தெரு ஒரு தடவை சிலிர்த்துக்கொண்டது. கூட்டம் ஹோவென்று கத்திக்கொண்டு அவரவர் வீட்டுக்கு ஓடியது. நறுமுகையும் ஓடினாள். ஸ்டெல்லா வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லும் கறிவேப்பிலைச் செடியும் மட்டும் இருந்தன.

ஜமால் யார் யாருக்கோ ஃபோன் போட்டு அன்றைய கடைசி விமானத்தில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். அம்மா ஏறவே மாட்டேன் என்ற அந்த விமானத்தில் நறுமுகைக்கு ஒரு சமோசா கொடுத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை.

சாண்டியாகோவில் வெளியே வரும் வாசலில் டிரைவர்கள் பெயர் அட்டைகளைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு நடுவே, சுங்கடிப் புடவைமேல் யாரோ கொடுத்த மஞ்சள் நிற ஊழியர் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, சிவகாமி நின்றார். அவர் கையிலும் ஓர் அட்டை. யாரிடமோ பேனா வாங்கி நறுமுகை என்று தமிழில் எழுதியிருந்தார்.

"வாடி," என்றார். "சாப்பிட்டியா?"

வாழ்நாள் முழுக்க மகளைப் பள்ளிக்கும் ஹாஸ்டலுக்கும் வேலைக்கும் அனுப்பி அனுப்பியே பழகியவர், முதல் முறையாக அவள் போய்ச் சேர்கிற இடத்தில் நின்று வரவேற்றார். நறுமுகை அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி ஏதோ செய்தாள். பக்கத்தில் நின்ற டிரைவர்கள் கை தட்டினார்கள்.

ஆனால் பாஸ்போர்ட் இல்லாத ஆளை அதிகாரிகள் அன்று ஒரு பொழுதுக்குத்தான் அனுமதித்திருந்தார்கள். அடுத்த விமானத்தில் திரும்ப வேண்டும். அதைக் கேட்டதும் சிவகாமியின் முகம் வெளுத்தது.

"கப்பல் இருக்குன்னியே?"

"மூணு மாசம் ஆகும்மா."

"பரவால்ல."

"அம்மா!"

இருவரும் புறப்பாட்டு வாசல்வரை கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். "எனக்கு ஏதாவது ஆச்சுன்னா பீரோ சாவி..." என்று சிவகாமி ஆரம்பித்தார். "போயிட்டு வாம்மா," என்று நறுமுகை அவரை உள்ளே தள்ளாத குறையாக அனுப்பினாள். மஞ்சள் ஜாக்கெட் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மறைந்தது.

பிறகு அவள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காத்திருந்தாள். நாற்பது நிமிடம். அம்மா லிஃப்டில்கூட ஏறாதவர். மயக்கம் போட்டிருந்தால்? கத்தி ரகளை செய்திருந்தால்? பெரிய பெரிய தூரங்களையெல்லாம் கணக்குப் போட்டுப் படித்தவளுக்கு அந்த நாற்பது நிமிடம் நகரவே இல்லை. அவள் ஃபோனைப் பார்த்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். இதைப் போய் 'நாப்பது நிமிஷம்தானே' என்று சொன்னோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

ஃபோன் அடித்தது.

"இறங்கிட்டேன்டி!" என்று சிவகாமி கத்தினார். "ஒண்ணுமே இல்ல! வெளிய ஒரே வெள்ளை. பக்கத்துல ஒரு பொண்ணு, அவ கையை விடவே இல்ல நான். இறங்கறப்ப அவதான் அழுதா, வலிச்சிருக்கும் போல. சமோசா நல்லா இருந்துச்சு. ஏன்டி, அடுத்த மாசம் நான் வரப்ப ஜன்னல் ஓரமா இடம் போட்டுக் குடுப்பாங்களா?"

"வரப்பவா?"

"பின்னே? நீதானே ஏறக் கூடாது. எனக்கு எவன் கையெழுத்து வாங்கினான்?"

நறுமுகை தலையை மட்டும் ஆட்டினாள், அங்கே தெரியாது என்று தெரிந்தும்.

"ஹலோ? இருக்கியா? சரி, ஃபோனை வைக்கிறேன். ஸ்டெல்லா கூட்டிட்டுப் போக வந்திருக்கா. அவளும் அடுத்த மாசம் வராளாம், இப்பவே சண்டை போடுறா, ஜன்னல் சீட்டு அவளுக்குத்தானாம்."